மெஷினுக்குப் போய்ச் சேராத கரண்ட்

பையை நான் மடியிலே வச்சுக்கிடுறேன், நீ நல்லா சாஞ்சு இரி மோளே. மீன் வாடை வருதோ? வரும். காலையிலேருந்து துறைமுகத்திலே நின்னுட்டு வாறேன், சேலையிலே ஏறிப்போச்சு. நாகர்கோவில் வரைக்கும் நீ என்னைச் சகிச்சுக்கிடணும்.

என் இளைய மகனைப் பாக்கப் போனேன். ஷாஜின்னு பேரு. பெரிய விசைப்படகிலே கூலிக்குப் போறான். தடைக்காலம் முடிஞ்சு முதல் போக்கு, இன்னைக்கு சாயங்காலம் கிளம்புது. கிளம்பினா திரும்பி வர நாப்பது நாள். அதுக்கு முன்னே பிடிச்சிரணும்னு முதல் வண்டிக்கே புறப்பட்டு வந்தேன். அவன் வீட்டுக்கு வந்து பதினொரு மாசம் ஆச்சு. ஊருக்கு வரலாம், எங்க கடற்கரையிலே ஒரு வருசம் வள்ளத்துலே கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான் ஊர்க் கமிட்டி சொன்னது. ஆனா அவன் ஊருக்கே வரல்ல. அண்ணன் முகத்துல இவன் முழிக்கமாட்டான், இவன் முகத்துல அண்ணன் முழிக்கமாட்டான்.

எனக்கு மூணு பிள்ளைங்க. மூத்தவன் தத்தேயுஸ். நடுவிலே பொண்ணு, அவளை நாகர்கோவில்ல கெட்டிக் குடுத்திருக்கு, இப்போ அவ வீட்டுக்குத்தான் போறேன். கடைசி இவன். மூணையும் செபமாலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வளத்தேன். அப்பா இல்லாத பிள்ளைங்கன்னு ஒருத்தரும் சொல்லல்ல. அப்படி ஒத்துமையா இருந்த பிள்ளைங்க மோளே. அண்ணனுக்குக் காய்ச்சல்னா தம்பி கஞ்சி குடிக்கமாட்டான்.

அப்புறம் என்ன வெட்டுப்பழின்னு கேப்பே. சொன்னா சிரிப்பே. ஒரு மெஷினு. ஒரு மெஷினுக்குக் கரண்ட் போய்ச் சேரல்ல. அதுதான்.

எக்கோன்னு சொல்லுவோம். டி.வி.ப் பெட்டி மாதிரி, ஆனா சின்னது, ரெண்டு கைக்குள்ள அடங்கும். வள்ளத்துக்கு அடியிலே ஒரு குமிழ் மாட்டியிருக்கும். அது கடலுக்குள்ள எத்தனை பாகம் ஆழம், எங்கே பார் கிடக்கு, மீன் எங்கே நிக்குதுன்னு எல்லாம் இந்தப் பெட்டியிலே படமா காட்டும். பார்னா தெரியுமா உனக்கு? கடலுக்குள்ள முங்கிக் கிடக்கிற பாறை. எங்க ஊருக்கு நேரே ஒண்ணு கிடக்கு. அது இருக்கிறதுனாலதான் கணவாய் வந்து அடையும், அதுதான் சோறு. அது இருக்கிறதுனாலதான் பயமும். கரைக்கு வரும்போது அதுக்குப் பக்கத்துச் சாலுக்குள்ள, அதான் ஆழமான வழி, பாத்துப் புகுந்து வரணும். தெளிஞ்ச நாளுன்னா கோயில் கோபுரத்தை அடையாளம் வச்சு வந்துருவாங்க. மழை அடைச்சா இந்த மெஷின்தான் கண்ணு. வழியும் அதுலேதான், ஆழமும் அதுலேதான்.

போன வருசம் ஈஸ்டர் கழிஞ்சு வாங்கிப் பூட்டினாங்க. ஷாஜின் ஐ.டி.ஐ. படிச்சவன், ஒயரிங் எல்லாம் அவனே. என் கூடப்பிறந்த தம்பி வியாகப்பனும் இந்த வள்ளத்துலதான் தொழிலுக்குப் போவான். கல்யாணம் கழிக்காதவன், சாப்பாடு என் வீட்டிலேதான். மெஷின் பூட்டின அன்னைக்கு அவன் சொன்னான், "எக்கா, இனி மீனு நமக்குப் போட்டோ எடுத்து அனுப்பும். நாம போய்க் கூட்டிட்டு வந்தா போதும்." அப்படி ஒரு சிரிப்பு. அவன் எப்பவும் அப்படித்தான்.

நான் ஒண்ணு செய்வேன் மோளே. எங்க ஊர்லே தாய்மார் எல்லாரும் செய்யிறதுதான். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாள் பூசை முடிஞ்சதும் உப்பு மந்திரிச்சுத் தருவாங்க. கல்லுப்பு. அதிலே ஒரு பிடி வள்ளத்துலே போட்டு, தீர்த்தம் தெளிச்சு, மூணு அருள்நிறை மரியே சொல்லுவேன். முந்தியெல்லாம் அணியத்துலே போடுவேன், அதான் வள்ளத்து முன்மூக்கு. மெஷின் வந்த பிறகு ஷாஜின்கிட்ட கேட்டேன், "இதுக்கு உயிர் எங்கேருந்து மக்ளே வருது?"ன்னு. அவன் பின்னாலே அமரத்துப் பக்கம் ஒரு மரப்பெட்டியைத் திறந்து பேட்டரியைக் காட்டினான். "இதுதாம்மா இதுக்கு உயிரு. இது நின்னா எல்லாம் நின்னுரும்"னான்.

உயிர் இருக்கிற இடத்துலேதானே காவல் வைக்கணும்? நீ சொல்லு. அன்னையிலேருந்து நான் பெட்டியைத் திறந்து அதுக்குள்ளேயே போட ஆரம்பிச்சேன். பேட்டரி தலைமேலே, அந்த ஒயரெல்லாம் வந்து சேருற இடத்துலே, ஒரு பிடி. மேலே கொஞ்சம் தீர்த்தம்.

முதல் தடவை அணைஞ்சது ஆடி மாசம், கணவாய் சீசன் தொடங்கின நேரம். நடுக்கடல்லே படம் மினுங்கி மினுங்கி அணைஞ்சிருச்சாம். கொஞ்ச நேரம் கழிச்சுத் தானா வந்துதாம், திரும்ப அணைஞ்சுதாம். தத்தேயுஸ் கரைக்கு வந்ததும் பேட்டரி கொள்ளாதுன்னான். வேற பேட்டரி வச்சாங்க. நல்லா ஓடிச்சு. பத்து நாள். பத்து நாள் கழிஞ்சு திரும்ப அணைஞ்சுது.

ஷாஜின் ஒரு மீட்டர் வச்சிருப்பான், ரெண்டு ஊசி இருக்கும், ஒண்ணு செவப்பு, ஒண்ணு கறுப்பு. அதை அங்கே குத்தி, இங்கே குத்திப் பாத்தான். நான் கரையிலே நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். "பேட்டரியிலே பன்னெண்டரை வோல்ட் இருக்கு. மெஷின்கிட்ட வரும்போது ஒன்பதரைதான் இருக்கு. வழியிலே எவனோ மூணைத் திங்கிறான்"னான்.

வியாகப்பன் விடுவானா? "நம்ம மீன் ஏலக்காரனா இருப்பான்லே, அவன்தான் வழியிலே கமிஷன் திங்கிறவன்"னான். எல்லாரும் சிரிச்சாங்க. தத்தேயுஸ் சிரிக்கல்ல. அவனுக்குத் தொழில்னா தொழில்.

ஷாஜின் ஒயரை வெட்டிப் பாத்தான், உள்ளே கம்பி கறுத்துக் கிடந்துது. முழு ஒயரையும் மாத்தினான். பியூஸை மாத்தினான். முனையெல்லாம் ஈயம் வச்சு ஒட்டி, கிரீஸ் தடவி, ரப்பர் குழாய் மாட்டி, ஒரு நாள் முழுக்க வெயில்லே குனிஞ்சு இருந்து செஞ்சான். திரும்பவும் நல்லா ஓடிச்சு. எத்தனை நாள்? பத்து நாள். பத்து நாள் கழிஞ்சு திரும்ப அணைஞ்சுது. மெஷின் அணைய அணைய நான் செபத்தைக் கூட்டினேன். செவ்வாய்க்கிழமை மட்டும் போட்டுக்கிட்டிருந்த உப்பை வெள்ளியும் சேத்துப் போட்டேன். அப்புறம் தினமும். ஆபத்து கூடக் கூடக் காவலும் கூடணும்ல்லா.

மூணாவது தடவை ஷாஜின் அந்தப் பெட்டியைத் திறந்து மூலை மூலையா விரலாலே தடவிப் பாத்தான். பிறகு என்னைப் பைய கூப்பிட்டான். பக்கத்துலே ஆள் உண்டான்னு பாத்துட்டுத்தான் பேசினான்.

"அம்மா, இதுக்குள்ள உப்பு கிடக்கு."

"கிடக்கும் மக்ளே. நான்தானே போடுறேன்."

"இதுக்குள்ள போடாதேம்மா. முன்னே மாதிரி அணியத்துலே போடு. அந்தோணியார் அங்கேயிருந்தும் பாத்துக்கிடுவார். உப்பு ஈரத்தைப் பிடிச்சுவச்சு செம்பைத் திங்குது. இந்தப் பாரு, பச்சை பூத்திருக்கு."

விரலைக் காட்டினான். பச்சையா ஏதோ ஒட்டியிருந்துது. கடல்லே கிடக்கிற சாதனத்துலே பச்சை பூக்காதா? சுத்தி எல்லாம் உப்புத் தண்ணி, அதெல்லாம் கெடுக்காததை என் ஒரு பிடி உப்பு கெடுத்துருமா? அதுவும் மந்திரிச்ச உப்பு. மோளே, நாங்க மீனை ஆறு மாசம் கெடாம வைக்கிறதே உப்புலதான். உப்பு கெடாம காக்கிற சாதனம். அது ஒண்ணைக் கெடுக்கும்னு நான் கேள்விப்பட்டதே இல்ல.

நான் ஒண்ணும் மறுத்துப் பேசல்ல. சரி மக்ளேன்னேன். ஆனா மனசு நொந்துபோச்சு. ஐ.டி.ஐ. போனதிலேருந்தே அவன் கொஞ்சம் அப்படித்தான், பூசைக்கு வந்தா வாசப்படியிலே நிப்பான். விசுவாசம் குறைஞ்சிருச்சேன்னு அழுதேன். ஒரு வீட்டிலே ஒருத்தருக்கு விசுவாசம் குறைஞ்சா இன்னொருத்தர் கூட்டணும். அவன் அந்தப் பெட்டியைத் துடைச்சு சுத்தம் பண்ணிட்டுச் சாப்பிட உக்காந்தப்போ, நான் போய் ரெண்டு பிடியா போட்டேன். அவன் கண்ணுலே படவேண்டாம்னு பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவிலே உள்ள இடுக்குலே போட்டேன். பொய் இல்ல மோளே அது. அவனுக்கு மனத்தாங்கல் வரவேண்டாம்னுதான்.

அதுக்கப்புறம் வீட்டிலே நிம்மதி போச்சு. தத்தேயுஸ் தம்பியை வாங்கு வாங்குன்னு வாங்குவான். "படிச்சேன் படிச்சேன்னு சொல்லுதியே, ஒரு விளக்கை எரியவைக்கத் தெரியல்ல. உன்னைவிட ஒரு கழுதைக்குக் கூடுதல் தெரியும்லே."  இளையவன் இந்தப் பக்கம் திரும்பி என்னை ஒரு பார்வை பாப்பான், அவ்வளவுதான். வியாகப்பன்தான் நடுவிலே புகுந்து, "லே, பயலை விடு. மெஷினுக்கு முன்னே நாம மீன் பிடிக்கல்லியா? என் மூக்குக்குத் தெரியும்லே மீன் எங்கே நிக்குதுன்னு"ன்னு சொல்லுவான்.

ஆவணிக் கடைசியிலே ஒரு நாள். காலை பத்து மணி இருக்கும். தெளிஞ்சு கிடந்த வானம், அஞ்சு நிமிசத்துலே அடைச்சுக்கிட்டு வந்துது. கரையிலே நின்ன எங்களுக்கு எதிரே நிக்கிற ஆளைத் தெரியல்ல. அப்படி ஒரு மழை. நான் கோயிலுக்குள்ள ஓடி முழங்கால் போட்டேன்.

கடல்லே என்ன நடந்துதுன்னு தத்தேயுஸ் சொல்லித்தான் தெரியும். மெஷினைப் பாத்துக்கிட்டே சாலுக்குள்ள வந்திருக்கான். பன்னிரண்டு பாகம், பத்து, எட்டு. எட்டுலே படம் அணைஞ்சிருச்சு. "லே, மெஷின்!"னு கத்தியிருக்கான். ஷாஜின் பெட்டியைத் திறக்க ஓடியிருக்கான். அவன் மூடியிலே கை வைக்கும்போது ஒரு அலை வள்ளத்தைத் தூக்கி, பாருமேலே வச்சிருச்சு. வியாகப்பன் அணியத்துலே நின்னு வழி பாத்துக்கிட்டிருந்தான். தெறிச்சுப்போய் விழுந்தான்.

பிள்ளைங்க ரெண்டும் வேற வள்ளக்காரங்க கையிலே கிடைச்சாங்க. வியாகப்பன் மத்தியானம் கிடைச்சான். தலையிலே இந்த இடத்துலே, இந்தக் காதுக்கு மேலே. நான்தான் துடைச்சேன்.

சன்னலை அடைச்சிரட்டா? உனக்குச் சாரல் அடிக்குது.

எட்டாம் நாள் பூசை கழிஞ்சு கோயில் முன்னால கமிட்டி கூடிச்சு. வள்ளத்துலே சாவு நடந்தா விசாரிப்பாங்க, அது வழக்கம். மெஷினைப் பரிசோதிக்கச் சந்தியிலே கடை வச்சிருக்கிற ஞானசிகாமணியைக் கூப்பிட்டிருந்தாங்க. நல்ல வேலைக்காரன்தான். ஆனா பெந்தெகொஸ்தே. எங்க அந்தோணியாரையும் மாதாவையும் கண்டா முகத்தைத் திருப்பிக்கிடுற கூட்டம். என்னைப் பாத்தா "ஸ்தோத்திரம் சகோதரி"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பான். அவங்களுக்கு மந்திரிச்ச உப்பைப் பத்தி என்ன தெரியும்?

அவன் அந்தப் பெட்டியை எல்லாருக்கும் நடுவிலே வச்சுத் திறந்தான். "மெஷின் நல்லா இருக்கு. பேட்டரி நல்லா இருக்கு. பியூஸ் மாட்டுற இடமும் ஒயர் சேருற இடமும் அரிச்சு முடிஞ்சுபோச்சு. கரண்ட் இங்கேயே செத்துருது, மெஷினுக்குப் போய்ச் சேரல்ல"ன்னான். பிறகு இடுக்குலே விரலை விட்டு எதையோ வழிச்சு எடுத்து உள்ளங்கையிலே வச்சுக் காட்டினான். "இது கடல்காத்துலே படியிற உப்பு இல்ல. கல்லுப்பு. யாரோ கையாலே அள்ளிப் போட்டது."

 நான் பொம்பளைங்க பக்கம் உக்காந்திருந்தேன். எழும்பிச் சொல்லலாமான்னு நினைச்சேன். அது மந்திரிச்ச உப்பு, அதைக் குத்தம் சொல்லாதேன்னு சொல்லலாம்னு. ஆனா எங்க கூட்டத்துலே பொம்பளைங்க எழும்பிப் பேசுற வழக்கமில்ல. நான் யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே ஷாஜின் எழும்பிட்டான்.

"நான்தான் வச்சேன். பெட்டிக்குள்ள ஈரத்தை இழுக்கட்டும்னு நான்தான் உப்பு வச்சேன்."

எல்லாரும் கத்தினாங்க. "இவனுக்கு எவன்லே சர்டிபிகேட் குடுத்தது?"ன்னு ஒருத்தர். ஞானசிகாமணி அவனையே பாத்தான். "தம்பி, மீட்டர் பிடிக்கத் தெரிஞ்ச நீயா இதைச் செஞ்சே?"ன்னான். "நான்தான்"னான் திரும்பவும். என் பக்கம் திரும்பவே இல்ல.

கேட்டியா மோளே. என்னை வேண்டாம்னு சொன்ன பய, அவனும் வச்சிருக்கான் பாரு! அதுவும் என்ன உப்பு? கடை உப்பு. மந்திரிக்காதது. அப்போ எது கெடுத்திருக்கும், நீயே சொல்லு. நான் வச்சதும் அதுலேதான் கிடந்துது, ஆனா அது காவலுக்கு வச்சது. ரெண்டு பிள்ளைங்க உயிரோட வந்தாங்களே, அது எதுனால?

தத்தேயுஸ் எல்லார் முன்னாலயும் தம்பியைப் பாத்து, "எங்க மாமனைக் கொன்னது இந்தக் கை"ன்னான். அந்தக் கையைப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினான். ஷாஜின் கையை விடுவிக்கல்ல. கமிட்டி ஒரு வருசம்னு விதிச்சுது. மறுநாளே அவன் துணிமணியை எடுத்துட்டுக் கிளம்பிட்டான்.

கிளம்பும்போது அடுக்களைக்குள்ள வந்தான். "அம்மா, ஒரே ஒரு காரியம். அண்ணன் புது மெஷின் வாங்குவான். இனி நீ அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது. செபம் பண்ணு, எவ்வளவு வேணும்னாலும் பண்ணு. பெட்டியைத் திறக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு"ன்னான். சத்தியம் பண்ணக்கூடாதுன்னு சாமியார் பிரசங்கத்துலே சொல்லியிருக்கார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். போற பிள்ளையை எதுக்கு வருத்தி அனுப்பணும்?

நான் திறக்காமத்தான் இருந்தேன் மோளே. எட்டு மாசம் இருந்தேன். தத்தேயுஸ் வள்ளத்தைச் சரிபண்ணி, புது மெஷின் பூட்டி, வெளியாளை வச்சு ஒயரிங் பண்ணினான். ஒரு குறையும் இல்லாம ஓடிச்சு. ஆனா ஒவ்வொரு நாளும் அவன் கடல்லே இருக்கும்போது நான் கரையை விட்டு நகரமாட்டேன். ஒரு தம்பியைக் குடுத்துட்டேன். காவல் இல்லாம என் மகனை எப்படி அனுப்புவேன்? வைகாசியிலே ஒரு பெரிய காத்து அடிச்சுது. அன்னைக்குத் தாங்கமுடியாம திறந்து ஒரு பிடி போட்டேன். அதுக்கப்புறம் தினமும் போடுறேன்.

போன வாரம் மெஷின் ரெண்டு தடவை அணைஞ்சுது.

தத்தேயுஸ் சொல்றான், "அவன் எங்கேயோ இருந்து சபிக்கிறாம்மா. இல்லன்னா புது மெஷின் எப்படி அணையும்?" எனக்கும் அதுதான் தோணிச்சு. சாபம் இல்ல, ஷாஜின் சபிக்கமாட்டான். மனத்தாங்கல். அண்ணனும் தம்பியும் பேசாம இருக்கிற வீட்டிலே ஆசீர்வாதம் எப்படித் தங்கும்? கமிட்டி சொன்ன ஒரு வருசமும் முடியப்போகுது. இளையவன் வந்து ஒரு வார்த்தை, மன்னிச்சிருண்ணேன்னு சொன்னா எல்லாம் சரியாயிரும். அதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.

ஐஸ் பெட்டி சுமந்துக்கிட்டு இருந்தான். தோள்பட்டை எலும்பு தெரியுது. என்னைக் கண்டதும் பெட்டியை இறக்கி வச்சிட்டு, "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டான். டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போய்ப் புட்டும் பயறும் வாங்கித் தந்தான், அவனும் உக்காந்து சாப்பிட்டான். எனக்கு அப்பவே கண்ணு நிறைஞ்சிருச்சு.

"மக்ளே, அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளு."

"கூட்டத்துலேயே சொன்னேனேம்மா."

"அது ஊருக்குச் சொன்னது. அவனுக்குச் சொல்லு. உன் மனசிலே உள்ளது கரையாம கிடக்கிறதுனாலதான் மெஷின் திரும்பவும் அணையுது."

புட்டுத் தட்டைக் கீழே வச்சான். "எது அணையுது?"

"புது மெஷின்தான். போன வாரம் ரெண்டு தடவை."

அவன் வெளியே எட்டிப்பாத்தான். கிழக்கே கறுத்துக்கிட்டு வந்துது. "அண்ணன் இன்னைக்குப் போயிருக்கானா?"

"விடியுறதுக்கு முன்னே போயாச்சு. பத்து மணிக்குக் கரை பிடிப்பான்."

போனை எடுத்து அடிச்சான். பதினொரு மாசத்துக்கு அப்புறம் அண்ணனுக்கு. எனக்குச் சந்தோசம் தாங்கல்ல. கிடைக்கல்ல. திரும்ப அடிச்சான். கிடைக்கல்ல. அதுக்கு இடையிலே என்கிட்ட கேட்டான், "அம்மா, பெட்டியைத் திறந்தியா?"

நான் பொய் சொல்லல்ல. "திறந்தேன் மக்ளே."

"எவ்வளவு போட்டே?"

"அவன் உயிருக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

அதுக்குள்ள மழை பிடிச்சாச்சு. எழும்பி மழைக்குள்ள இறங்கிட்டான். நனைஞ்சுக்கிட்டே போனை அடிச்சுக்கிட்டே நடக்கிறான், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். படகுக்காரர் ஐஸுக்குக் கூப்பிடுறார், அவன் காதுலே விழல்ல. எத்தனை தடவை அடிச்சிருப்பான்னு எனக்குத் தெரியாது. நான் ரெண்டு செபமாலை சொல்லி முடிச்சேன். மணி பதினொண்ணு தாண்டினப்புறம் கிடைச்சுது. தூரமா நின்னு பேசினான், ஒரு வார்த்தை எனக்குக் கேக்கல்ல. ரொம்ப நேரம் பேசினான். நடுவிலே ஒரு தடவை தரையிலே குந்தி உக்காந்துட்டான்.

திரும்பி வந்து, "அண்ணன் கரை பிடிச்சுட்டான். வரும்போதும் அணைஞ்சுதாம், மழை கொஞ்சம் விட்டதுனால கோபுரத்தைப் பாத்து வந்துட்டான்"னான். ஆண்டவருக்குத் தோத்திரம்னேன். பிறகு சொன்னான், "நீ இன்னைக்கு வீட்டுக்குப் போகாதே. அக்கா வீட்டுக்குப் போ. அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"ஏன் மக்ளே?"

"அண்ணன் கோவத்துலே இருக்கான்."

"உன்மேலேயா? இன்னுமா?"

 பையைத் தூக்கிக்கிட்டு வந்து, பஸ் ஏத்தி, டிக்கெட்டும் எடுத்துத் தந்து, சன்னல் பக்கம் வந்து நின்னான். நாப்பது நாள் நல்லா இரும்மான்னான். எனக்கு என்ன தோணுதுன்னா, மன்னிப்புக் கேட்டிருப்பான், அண்ணன் உடனே இறங்கியிருக்கமாட்டான். மூத்தவன் அவங்க அப்பா மாதிரி, கோவம் இறங்க ரெண்டு நாளாகும். ஆனா பேசிட்டாங்கல்லா. அதுபோதும் எனக்கு. நீயும் ஒரு தாயாகும்போது தெரியும்.

என் போன்தான் அடிக்குது. கொஞ்சம் இரு மோளே, இந்தப் பையை ஒரு கை பிடி. தத்தேயுஸ்தான். பாத்தியா, நான் சொன்னேன்ல்லா.

ஹலோ. சொல்லு மக்ளே. பஸ்ஸிலே இருக்கேன். நீ ஏதாவது சாப்பிட்டியா?

கத்தாதே, எனக்குக் கேக்குது.

ஆமா. நான்தான். வழக்கமா போடுறதுதானே.

பெட்டிக்குள்ளதான்.

போன வருசமும்தான். தினமும்தான், அதுக்கென்ன?

அது தம்பி வச்சது மக்ளே. அவனே சொன்னானே கூட்டத்துலே, நீயும் பக்கத்துலேதானே நின்னே.

வைக்கல்லியா?

ஒரு தடவைகூடவா?

பின்னே எதுக்குலே அவன் அப்படிச் சொன்னான்?

ஹலோ. மக்ளே. தத்தேயுஸ்.

போனை வச்சிட்டான் மோளே.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். அவன் ஒரு பரல் உப்புகூடப் போடல்லியாம். பெட்டியைத் திறந்தா முழுக்க என் உப்புதானாம். போன வருசமும் என் உப்புதானாம். மாமன் விழுந்த அன்னைக்கும்.

எட்டு பாகத்துலே அணைஞ்சுதுன்னு சொன்னான்ல்லா. நான் அந்நேரம் கோயில்லே முழங்காலிலே நிக்கிறேன். வியாகப்பனை நான்தான் துடைச்சேன் மோளே, இந்தக் கையாலே.

சின்னவன் என்னைப் பாக்கவே இல்ல, கூட்டத்துலே. பாத்திருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு பாக்கல்ல.

இப்போ மணி என்ன? படகு சாயங்காலம்தானே? அவன் ஏறுறதுக்கு முன்னே போயிரணும். எதிர்லே வாற வண்டி துறைமுகத்துக்குப் போகுமா? போனா போதும், என்ன சொல்லணும்னு அங்கே போய்த் தெரியட்டும். கண்டக்டர் அந்தக் கோடியிலே நிக்கிறார். வண்டியை நிறுத்தச் சொல்லு மோளே. அந்தப் பையை இங்கே தா, நான் இறங்குறேன்.